சாமையும் உலக்கையும்

ஒரு பிடி கேழ்வரகையும் ஒரு பிடி சாமையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் பொட்டலமாக விற்கும் சாமை அரிசி வேண்டாம். களத்திலிருந்து வந்தபடியே இருக்கும் சாமை வேண்டும். நகரத்து மாணவர்களுக்கு அது எளிதில் அகப்படாது. பறவைத் தீனி விற்கும் கடையில் உமியோடு கூடிய தினை கிடைக்கும், அதுவும் போதும். முதலில் கேழ்வரகை உள்ளங்கையில் இட்டுத் தேய்த்து ஊதுங்கள். சருகு போன்ற மெல்லிய தோல் ஏதேனும் ஒட்டியிருந்தால் பறந்துபோகும். சிவந்த மணி கையில் நிற்கும். அதை அப்படியே திரிகையில் இட்டு அரைக்கலாம், களி கிண்டலாம், கூழ் காய்ச்சலாம். இப்போது தினையைத் தேய்த்துப் பாருங்கள். எவ்வளவு தேய்த்தாலும் உங்கள் கைதான் சிவக்குமேயன்றி மணியில் ஒரு மாற்றமும் தோன்றாது. வழவழப்பாக, மெருகிட்டது போல் மின்னும் உமி அரிசியைக் கவ்விக்கொண்டு நிற்கும்.

நம் நாட்டுப் புன்செய்த் தானியங்கள் யாவற்றையும் இவ்வாறு இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடலாம். சோளம், கம்பு, கேழ்வரகு ஆகிய மூன்றும் களத்தில் அடித்துத் தூற்றிய அளவிலேயே உமி நீங்கிச் சமையலுக்கு வந்துவிடுபவை. சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகிய ஐந்தும் உமியோடு வீடு வந்து, குத்தியோ அரைத்தோ எடுத்தால் மட்டுமே அரிசியாகுபவை. இந்தப் பிரிவினை பெரிதாக ஒன்றும் தோன்றாது. ஆயினும் கடந்த அறுபது ஆண்டுகளில் எந்தப் பயிர் நம் வயலில் நின்றது, எது மறைந்தது என்று கணக்கெடுக்கப் புகுந்தால், மழையையும் மண்ணையும் விலையையும் போலவே இந்த உமியும் அதில் பங்கு கொண்டிருப்பது தெரியவரும். அதைப்பற்றியே இன்று சற்று விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

இத்தானியங்கள் எங்கிருந்து வந்தவை என்பதை முதலில் சுருக்கமாகக் கூறிவிடலாம். நாட்டுத் தானியம் என்று நாம் உரிமை பாராட்டும் கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்களில் தோன்றியது. சோளத்தின் தாயகம் ஆப்பிரிக்காவின் வடகிழக்குப் பகுதி. கம்பு சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பில் பிறந்தது. தினையும் பனிவரகும் வட சீனத்து மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிரிட்டவை. சாமையும் வரகும் இந்திய மண்ணிலேயே காட்டுப் புல்லாக இருந்து வீட்டுப் பயிரானவை. வந்தவையும் இருந்தவையும் கலந்து, சங்க காலத்திலேயே மலைநாட்டாருக்குத் தினையும் காட்டுநாட்டாருக்கு வரகும் சாமையும் உணவு என்று வகுத்துச் சொல்லும் அளவுக்கு இங்கு ஊன்றிவிட்டன. தினைப்புனம் காக்கும் பெண்ணையும் கிளி ஓட்டும் கவணையும் இலக்கியப் பாடத்தில் அறியாத மாணவர் இல்லை. தினையைக் கண்ணால் கண்ட மாணவர் எத்தனை பேர் என்று கேட்டால்தான் விடை சொல்லச் சற்றுத் தயக்கமாக இருக்கும்.

இப்பயிர்களுக்கு மழை குறைந்த நிலத்தில் என்ன வேலை என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழையின் சராசரி ஏறக்குறைய 920 மில்லி மீட்டர். அதாவது, பெய்யும் நீர் முழுவதும் ஓடாமலும் ஆவியாகாமலும் நிலத்தின்மேல் நின்றால் ஒரு சிறுவனின் இடுப்பளவு ஆழம் இருக்கும். அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில், இரண்டு மூன்று மாதங்களுக்குள் கொட்டிவிடுகிறது. ஒரு போகம் நெல்லுக்கு வேண்டிய நீரோ சுமார் 1,200 மில்லி மீட்டர். ஆக, ஓராண்டு முழுவதும் வானம் தரும் நீரினும் ஒரு போக நெல் மிகுதியாகக் கேட்கிறது. ஆறும் ஏரியும் கிணறும் இட்டு நிரப்பினாலன்றி நெல் இல்லை. கேழ்வரகுக்கு 350 மில்லி மீட்டர் அளவு போதும்; சாமையும் ஏறத்தாழ அதே அளவில் அடங்கிவிடும். சாமை எண்பது முதல் நூறு நாள்களுக்குள் கதிர் முற்றி அறுவடைக்கு வரும். பனிவரகு எழுபது எழுபத்தைந்து நாள்களிலேயே வந்துவிடும். ஆதலின் மழை தாமதித்துப் பெய்த ஆண்டிலும், பாதியில் நின்றுபோன ஆண்டிலும், விதைத்தவனுக்குக் கைக்கு ஏதேனும் எட்டியது.

குறைந்த நீரில் இவை விளைவதற்குக் குறுகிய வயது மட்டும் காரணமன்று. இலைக்குள்ளே ஓர் இயற்கை ஏற்பாடு இருக்கிறது. தாவரங்கள் காற்றிலிருந்து கரியமில வாயுவை உட்கொண்டு, சூரிய ஒளியின் துணையால் மாவுப் பொருளை ஆக்குகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அவ்வாயு உள்ளே நுழைய இலைத்துளைகள் திறந்தாக வேண்டும். கதவு திறந்தால் காற்று உள்ளே வருவதோடு நீராவியும் வெளியே போகும். நெல்லிலும் கோதுமையிலும் கரியமில வாயுவைப் பற்றும் நொதி, வெயில் ஏறும்போது தடுமாறுகிறது. கரியமில வாயுவுக்குப் பதிலாகப் பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு, ஆக்கிய பொருளில் ஒரு பகுதியை வீணாக்குகிறது. சோளம், கம்பு, கேழ்வரகு, சாமை, தினை முதலியவற்றில் இத்தடுமாற்றம் மிகக் குறைவு. அவை முதலில் வேறொரு நொதியைக் கொண்டு கரியமில வாயுவைப் பிடித்து, நான்கு கரியணுக்கள் கொண்ட ஒரு பொருளாக்கி, இலை நரம்பைச் சுற்றியுள்ள உயிரணுக்களுக்குள் கொண்டுசென்று குவித்துவிடுகின்றன. அங்கே அடர்த்தியாகக் குவிந்த வாயுவிலிருந்து மாவுப் பொருள் உண்டாகிறது. இதனால் துளைகளை ஒருக்களித்துத் திறந்தாலே போதும். வேலையும் நடக்கும், நீரும் மிஞ்சும். இவ்வழியைக் கரும்பில் ஆராய்ந்து 1966-இல் தெளிவுபடுத்தியவர்கள் ஆஸ்திரேலியாவில் பணிபுரிந்த ஹாட்ச், சிலாக் என்னும் இரு விஞ்ஞானிகள். இத்தகைய தாவரங்களைச் சி-4 தாவரங்கள் என்று தாவர நூலார் வழங்குகின்றனர். பூமி ஆண்டுக்காண்டு வெப்பமடைந்துவரும் இந்நாளில், வெயிலில் தடுமாறாத பயிர் என்பது வெறும் பாடப்புத்தகச் செய்தியாக நின்றுவிடவில்லை.

இனி ஒரு மலைக்குச் செல்வோம். நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்டதாகப் பழந்தமிழ் நூல்கள் பேசும் மலை அது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், பள்ளத்தாக்கில் நீர் தேங்கும் இடங்களில் நெல்லையும், சரிவான மேட்டு நிலங்களில் சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றையும் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்தவர்கள். சாமை என்று நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கோ அது ஒரு பயிர் அன்று, பல பயிர். பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை என்று வயதாலும் கதிராலும் சுவையாலும் வேறுபட்ட இனங்களை அவர்கள் தனித்தனியே அறிந்து, தனித்தனியே விதை எடுத்து வைத்தார்கள்.

சாமையைத் தனியே விதைப்பதும் வழக்கமில்லை. இடையிடையே துவரையோ மொச்சையோ அவரையோ ஊன்றுவார்கள். சாமை மூன்று மாதத்தில் அறுவடையாகிவிடும். அதன் நிழலில் மெல்ல வளர்ந்த துவரை, அதன்பின் வெளியும் ஒளியும் பெற்றுக் கிளைத்து, பனியின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு, மேலும் மூன்று மாதம் நின்று காய்க்கும். பருப்பினப் பயிரின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கும். ஒரே நிலத்திலிருந்து சோற்றுக்கு அரிசியும் குழம்புக்குப் பருப்பும் மாட்டுக்குத் தாளும் கிடைத்தன. உரக்கடை அங்கு இல்லாத காலத்தில் மண் தன்னைத் தானே காத்துக்கொள்ள இந்த ஏற்பாடு பெரிதும் உதவியது. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் கேழ்வரகு வயலின் நடுவே அவரையும் துவரையும் கடுகும் ஆமணக்கும் வரிசை வரிசையாக நிற்கக் காண்பதும் இதே அறிவின் வேறு வடிவந்தான்.

இவ்வளவு நயமிருந்தும் அம்மலையில் சாமையின் பரப்பு ஏன் சுருங்கியது? மரவள்ளிக்கிழங்கு வந்தது என்பது எல்லோரும் சொல்லும் விடை. அது உண்மையே. சேலம், இராசிபுரம், ஆத்தூர்ப் பகுதிகளிலுள்ள சவ்வரிசி ஆலைகள் கிழங்கை எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டன. மலைக்குச் சாலை வந்தது, லாரி வந்தது, கிழங்கைப் பிடுங்கி ஏற்றினால் கையில் ரொக்கம். பிள்ளையின் படிப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் ரொக்கம் வேண்டியிருக்கும்போது, சாமையை விதைத்துக்கொண்டிரு என்று உபதேசிக்க நமக்கு என்ன உரிமை? ஆயினும் விடை இத்தோடு முடிந்துவிடவில்லை. விற்பதற்குக் கிழங்கு, உண்பதற்குச் சாமை என்று நிலத்தை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கலாமே! ஏன் உண்பதற்கும் சாமை வேண்டாமென்றாயிற்று?

இவ்விடத்தில்தான் உலக்கையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக்கு இரண்டு படி சாமை அரிசி வேண்டுமானால், மூன்று படிக்கு மேல் சாமையை உரலில் இட வேண்டும். நன்றாகக் காய்ந்த தானியமாக இருக்க வேண்டும். ஈரமிருந்தால் உமி கழலாது, அளவுக்கு மேல் காய்ந்திருந்தால் அரிசி நொறுங்கிக் குருணையாகும். குத்திய பின் முறத்தில் இட்டுப் புடைக்க வேண்டும். உமி பறந்த பின்னும் உமி நீங்காத மணிகள் அரிசியோடு கலந்து நிற்கும். அவற்றைக் கொழித்துப் பிரித்து மீண்டும் உரலில் இட வேண்டும். மீண்டும் புடைக்க வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை. ஒரு சாமை மணியின் எடை ஒரு நெல்மணியின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். நெல்லில் ஓர் உமியை நீக்கும் இடத்தில் சாமையில் பத்து உமிகளை நீக்கியாக வேண்டும் என்பது இதன் பொருள். வரகு இதனினும் கடினம். அதன் உமி அடுக்கடுக்கானது. அதற்கென்றே களிமண்ணால் செய்த திரிகைகளைச் சில ஊர்களில் வைத்திருந்தார்கள்.

இந்த வேலையைச் செய்தவர்கள் யார்? காலையில் காட்டுக்குப் போய்க் களையெடுத்து, மாலையில் விறகும் தண்ணீரும் சுமந்து வந்த அதே பெண்கள். புடைத்தல், கொழித்தல், நாவுதல், தெள்ளுதல் என்று முறத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் தமிழில் தனிச் சொல் இருப்பதை மொழியின் வளம் என்று நாம் வியந்து பாராட்டுகிறோம். அச்சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் தோள் வலியிலிருந்து பிறந்தவை என்பதையும் நினைவிற்கொள்வது நன்று. சாமைச் சோற்றின் பெருமையைப் பேசும் ஆண்கள் பலர் ஒரு நாளேனும் அதைக் குத்தியவர்களாக இருக்கமாட்டார்கள். நானும் அவர்களுள் ஒருவனே.

நெல்லைக் குத்தும் துன்பத்தை இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் வாங்கிக்கொண்டன. ஊருக்கு ஊர் அரிசி ஆலை வந்தது. சோளத்தையும் கம்பையும் கேழ்வரகையும் மாவாக்கும் வேலையை மாவரைக்கும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஆனால், உமியுள்ள இந்த ஐந்து தானியங்களுக்கு மட்டும் இயந்திரம் வரவில்லை. நெல்லுக்கென்று அமைந்த ஆலையில் இரண்டு மில்லி மீட்டர் அளவேயுள்ள சாமையை இட்டால், ஒன்று உமியோடு நழுவி வெளியே வந்துவிடும், அல்லது நொய்யாகிவிடும். நூறு கிலோ நெல்லைச் சுமந்துகொண்டு ஆலைக்குப் போன வண்டி மாலையில் அரிசியோடு திரும்பியது. சாமை வீட்டிலேயே, உரலருகிலேயே தங்கிவிட்டது. மற்றொரு புறம், அரிசி மலிவாகவும் பின்னர் விலையில்லாமலும் நியாய விலைக் கடைக்கு வந்தது. 1967-இல் ஒரு படி அரிசி ஒரு ரூபாய் என்று தொடங்கிய முயற்சி, 2011 ஜூன் மாதம் முதல் விலையில்லா அரிசி என்ற நிலையை எட்டியது. பட்டினியை ஓட்டிய திட்டங்கள் அவை. அவற்றைக் குறை கூறுவது நன்றி மறத்தலாகும். எனினும், குத்த வேண்டாத அரிசி கடையில் கிடைக்கும்போது, மூன்று முறை குத்த வேண்டிய சாமையை ஒரு தாய் ஒதுக்கிவைத்தாள் என்றால், அவள் கணக்கில் தவறு ஒன்றும் இல்லை.

ஆராய்ச்சியும் இத்தானியங்களைச் சற்றுத் தாமதமாகவே கவனித்தது. கோயம்புத்தூரில் 1923-இலேயே புன்செய்த் தானியங்களுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது, ஜி. என். ரங்கசாமி அய்யங்கார் என்னும் அறிஞர் அங்கிருந்து அரும்பணி ஆற்றினார். ஆயினும், விடுதலைக்குப் பின் வந்த வீரிய ஒட்டு விதைகள் பெரிய மணித் தானியங்களோடு நின்றன. சோளத்தில் முதல் வீரிய ஒட்டு இரகம் 1964-இலும் கம்பில் 1965-இலும் வெளிவந்தன. சிறுதானியங்களுக்கென்றே அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது 1986-இல்தான். இதற்கிடையில் கேழ்வரகு மட்டும் கர்நாடகத்தில் ஒரு நல்ல துணைவரைப் பெற்றது. மாண்டியாவில் பணிபுரிந்த இலட்சுமணையா என்னும் ஆராய்ச்சியாளர் இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் இணைத்துப் புதிய இரகங்களை உண்டாக்கினார். இந்தியா, ஆப்பிரிக்கா என்னும் இரு பெயர்களையும் சேர்த்து அவற்றுக்கு இண்டாப் என்று பெயரிட்டார்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த பயிர், தன் தாய்வீட்டு உறவை மீண்டும் கண்டு பலன் பெற்ற கதை இது.

விளைவைச் சொல்லுகிறேன். இந்தியாவில் கேழ்வரகு நீங்கலான சிறுதானியங்களின் பரப்பு 1960-களின் நடுவில் 45 இலட்சம் எக்டேர் அளவில் இருந்தது. இப்போது 5 இலட்சம் எக்டேருக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே காலத்தில் கேழ்வரகின் பரப்பும் குறைந்தது. ஆனால், அது ஏறத்தாழப் பாதியளவாகக் குறைந்ததே தவிரப் பத்தில் ஒன்றாகச் சிதையவில்லை. வேறு காரணங்களும் இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. கேழ்வரகின் விளைச்சல் மிகுதி. கர்நாடகத்தில் அது அன்றாட உணவாகவே நிலைத்துவிட்டது. எனினும், உமியற்றது தாக்குப்பிடித்தது, உமியுள்ளது வீழ்ந்தது என்னும் வேறுபாடு கண்ணை மூடிக்கொண்டு கடந்து போகக்கூடியதன்று.

1990-களின் பிற்பகுதியிலிருந்து கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மேற்கொண்ட பணி இதனாலேயே குறிப்பிடத்தக்கதாகிறது. அவர்கள் விதைகளைத் திரட்டி ஊர்தோறும் விதை வங்கிகள் அமைக்க உதவினார்கள். வரிசையில் விதைக்கும் முறையைக் காட்டினார்கள். அவற்றோடு நில்லாமல், சிறுதானியத்தின் உமியை நீக்கும் சிறிய இயந்திரங்களை மலைச் சிற்றூர்களிலேயே நிறுவி, அவற்றை நடத்தும் பொறுப்பை மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். நாள் முழுதும் உரலடியில் கழிந்த வேலை சிறிது நேரத்தில் முடிந்தது. உமியோடு மலிவாக விற்ற சாமையை அரிசியாகவும் மாவாகவும் ஆக்கி விற்கவும் வழி பிறந்தது. மரவள்ளி மறைந்துவிடவில்லை, இன்றும் அம்மலையில் அது பெரும் பரப்பில் நிற்கிறது. ஆயினும், சாமையும் தினையும் விதையற்றுப் போகாமல் நின்றன.

இந்த இயந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது என்பது மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும். பெரும்பாலான இயந்திரங்களில் தேய்ப்பதில்லை, எறிவதே முறை. மேலிருந்து விழும் தானியத்தை வேகமாகச் சுழலும் தட்டு ஒன்று ஏந்தி, மைய விலக்கு விசையால் சுற்றுச் சுவரின்மேல் வீசுகிறது. மோதிய வேகத்தில் உமி பிளந்து அரிசி வெளிப்படுகிறது. காற்று விசிறி உமியை ஊதித் தள்ளுகிறது. வேகம் குறைந்தால் உமி பிளக்காது. கூடினால் அரிசி உடையும். சாமைக்கு ஏற்ற வேகம் வரகுக்கு ஆகாது. தானியம் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பதால் முன்னதாகச் சலிக்க வேண்டும். களத்து மண்ணில் அடித்த தானியத்தில் அதே அளவுள்ள கற்கள் கலந்திருக்கும். அவற்றைச் சல்லடை பிரிக்காது. கல்லுக்கும் தானியத்துக்கும் எடையில் உள்ள வேறுபாட்டைக் கொண்டு பிரிக்கும் வேறொரு கருவி வேண்டும். இத்தனைக்கும் பின் நூறு கிலோ சாமையிலிருந்து அறுபது முதல் எழுபது கிலோ வரை அரிசி கிடைக்கும். மலையுச்சியில் மின்சாரம் நின்றுபோனால், பழுது பார்ப்பவர் அடிவாரத்திலிருந்து ஏறிவர வேண்டியிருந்தால், உரல் மீண்டும் முற்றத்துக்கு வந்துவிடும். இயந்திரத்தை வாங்கி நிறுத்துவது எளிது. அதை ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் அரிது.

இனி உணவுச் சத்தைப் பற்றிச் சிறிது. கேழ்வரகில் நூறு கிராமுக்கு 340 மில்லி கிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது பத்து மில்லி கிராம் அளவே. வளரும் பிள்ளைகளின் எலும்புக்கும் பல்லுக்கும் இதனினும் மலிவான துணை அரிது. கம்பில் இரும்புச் சத்தும் கொழுப்பும் மிகுதி. அக்கொழுப்பினாலேயே கம்பு மாவு சில நாள்களில் கசந்துவிடும். கம்பை மணியாக வைத்திருந்து வேண்டியபோது அரைத்துக்கொள்வதே முறை. சாமை, தினை, குதிரைவாலி ஆகியவற்றில் நார்ச்சத்து நிறைந்திருப்பது உண்மை. ஆனால், அது அரிசியின் மேல்தோலோடு ஒட்டியிருப்பது. உமியை நீக்கிய பின், பார்வைக்கு வெண்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக மேலும் மேலும் தீட்டினால், அச்சத்து தவிட்டோடு போய்விடும். நகரத்துக் கடைகளில் பளபளக்கும் பொட்டலங்களில் விற்கும் வெள்ளைச் சாமை பல, இவ்வாறு தீட்டப்பட்டவை. விலை கொடுத்து வாங்குவோர் சற்று மங்கிய நிறமுள்ளதைக் கேட்டு வாங்குவது நலம். மேலும், இவை நோய் தீர்க்கும் மருந்து என்று சிலர் பேசுவதை அப்படியே நம்ப வேண்டுவதில்லை. கேழ்வரகை நுண்ணிய மாவாக்கிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால், அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும்.

வரகைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அறுவடைக் காலத்தில் மழை பிடித்து ஈரம் தங்கினால் வரகில் ஒருவகைப் பூஞ்சை பற்றும். அத்தகைய வரகை உண்டால் மயக்கமும் தலைச்சுற்றலும் வாந்தியும் உண்டாவதைப் பழைய குடியானவர்கள் அறிவார்கள். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவகர்க் காட்டில் பத்து யானைகள் சில நாள்களுக்குள் இறந்தன. வரகு வயலில் மேய்ந்த அவற்றின் உடலில் சைக்ளோபியசோனிக் அமிலம் என்னும் பூஞ்சை நஞ்சு இருந்ததை ஆய்வுக்கூடத்தார் கண்டனர். நன்றாகக் காயவைத்துச் சேமித்த வரகில் இந்த அச்சமில்லை. கோயில் கோபுரக் கலசத்தில் வரகை நிரப்பி வைக்கும் வழக்கமே அது நெடுநாள் கெடாது என்னும் நம்பிக்கையிலிருந்து பிறந்ததுதானே! இளஞ்சோளத் தட்டையை மாடு மேய்ந்தால் நஞ்சாகும் என்பதை நம் குடியானவர்கள் அறிந்து, கதிர் வந்த பின்னரே அறுத்துப் போடுகிறார்கள். நல்ல பயிர் என்பதற்காக அதன் குறையை மறைத்துப் பேசுவதால் பயன் இல்லை.

அரசாங்கங்களும் உலக மன்றமும் இப்போது சிறுதானியங்களைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. 2018-ஆம் ஆண்டை இந்திய அரசாங்கம் தேசியச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இந்தியா கொண்டுவந்த தீர்மானத்தின்படி ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. மாநாடுகள் நடந்தன, விருந்துகள் நடந்தன. நகரத்து உணவு விடுதிகளில் தினைப் பொங்கலும் குதிரைவாலித் தோசையும் பட்டியலில் ஏறின. மகிழ்ச்சிதான். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். நகரத்தில் ஒரு கிலோ சாமை அரிசி, சாதாரண அரிசியைப் போல் இரு மடங்கு விலைக்கு மேல் விற்கிறது. அதை விளைவித்தவர் உமியோடு களத்திலேயே விற்றுவிட்டு, நியாய விலைக் கடை அரிசியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். சாமை ஆலைக்குப் போகிறது. ஆலையோ அவர் ஊரில் இல்லை. விளைவித்தவர் வீட்டு அடுப்பில் ஏறாத தானியம், விலை இறங்கிய ஓர் ஆண்டிலேயே வயலை விட்டு இறங்கிவிடக்கூடும். ஏனெனில், அவரை அதனோடு கட்டிவைக்க அந்த விலையைத் தவிர வேறொன்றும் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சாமையைக் காத்தது சந்தை விலையன்று. மறுநாள் சோற்றுக்கு அது வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். முதலில் கேழ்வரகைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உங்களுக்கு இப்போது விளங்கும்: மூட்டையிலிருந்து அளந்து கொடுத்தால் போதும்; வாங்கியவர் அரைத்துக்கொள்வார். சாமையைக் கொடுப்பதென்றால் அதற்கு முன் யாரேனும் உமியை நீக்கியாக வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்து அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் அமைந்திருக்கிறது. அம்மாவட்டத்தின் சவ்வாது மலையில் சாமை இன்றும் பரந்து விளைகிறது. அங்கிருந்து புதிய சாமை இரகங்கள் வருகின்றன. நல்ல பருவத்தில் எக்டேருக்கு ஒரு டன்னுக்கு மேல் விளைச்சல் எடுக்க முடிகிறது. விதை இருக்கிறது, நிலம் இருக்கிறது, பயிர் செய்யத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு மலையூருக்கு ஒன்றாக, நடந்து போய்வரும் தொலைவில், ஓடும் நிலையில் எத்தனை உமி நீக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன என்பதைத்தான் ஒவ்வொரு வட்டாரத்திலும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கல்லூரிகளில் பொறியியல் பயிலும் மாணவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த விடுமுறையில் அவ்வாறு ஓடாமல் நிற்கும் இயந்திரம் ஒன்றைப் போய்ப் பார்த்து, அது ஏன் நின்றதென்று அங்குள்ள பெண்களைக் கேட்டு வரலாம்.